சாரதாவின் சாவி

என் அண்ணன் எந்தக் காலத்திலும் யார் வீட்டையும் பிடுங்கியதில்லை. பிடுங்குவதற்கு அவனுக்குத் திறமையும் கிடையாது. மெட்ராஸில் அவன் குடியிருந்த ஒற்றை அறையிலிருந்தே அவனை இரண்டு தடவை கிளப்பிவிட்டிருக்கிறார்கள். ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை காலையில், திருத்தணி மலைமேல் மொட்டையடிக்கிற மண்டபத்தில், அவனை வீடு பிடுங்கின பாவி என்றுதான் அத்தனை பேரும் பார்த்தார்கள். அதில் முதல் ஆள் என் மாமியார் மணியம்மை.

விஷயம் இதுதான். அண்ணன் வரதராஜன் மெட்ராஸில் நாடகக் கம்பெனி ஒன்றில் இருந்தவன். எண்பத்தேழாம் வருஷம் டிவியில் செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு தொடர் போட்டார்கள். நான் வாழ்க்கைப்பட்ட பள்ளிப்பட்டில் தொடர் என்றெல்லாம் யாரும் சொல்லமாட்டார்கள். நாடகம், அவ்வளவுதான். அதில் சாரதா என்று ஒரு பெண். புருஷனைப் பறிகொடுத்துவிட்டுக் கைக்குழந்தையோடு நிற்பவள். அவளுக்கு ஆதரவாக வந்து சேருகிற அண்ணன் தருமலிங்கம், நைசாகப் பேசிப் பேசியே அவள் வீட்டைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்வான். அந்தத் தருமலிங்கமாக நடித்தது என் அண்ணன்.

முதல் வாரம் எனக்குக் கிடைத்த மரியாதையைக் கேட்க வேண்டுமே. பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் டிவிப் பெட்டியைத் திறந்ததும் நெசவுக்காரத் தெருவே எனக்கு முன்வரிசையில் இடம் விட்டது. "நடிகர் தங்கச்சி, இப்பிடி குந்தும்மே" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். பெட்டியில் மழை பெய்வதுபோல் புள்ளி புள்ளியாகத்தான் படம் தெரியும். அந்தப் புள்ளிகளுக்கு நடுவே அண்ணனின் சுருட்டை முடியும் முறுக்கு மீசையும் தெரிந்தபோது நான் அழுதேவிட்டேன்.

வாரம் ஏற ஏற என் இடம் பின்னால் போனது. தருமலிங்கம் சாரதாவிடம் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய வாரம் எனக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. ஏதோ அந்தப் பத்திரத்தை நான் என் முந்தானையில் முடிந்து வைத்திருப்பதுபோல ஒரு பார்வை.

இதில் என் மாமியார் செய்ததுதான் உச்சம். பத்திரிகையில் வந்த அண்ணன் படத்தை நான் ஆசையாகச் சுவரில் ஒட்டிவைத்திருந்தேன். அவர் என் பிள்ளை தணிகைவேலுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் அதைக் காட்டி, "தோ பாரு, தருமலிங்கம் வர்றான். வாயத் தொற. தொறக்கலைன்னா புடிச்சிகினு பூடுவான்" என்று மிரட்டுவார். குழந்தை பயந்து வாயைத் திறக்கும். ஒரு உருண்டை உள்ளே போகும். என் வயிறு எரியும். "அத்தை, அது அவனோட தாய்மாமன்" என்றால், "ஆங், சோறு எறங்குதா இல்லியா?" என்பார்.

பதிமூன்றாம் வாரத்தோடு நாடகம் முடிந்துபோயிற்று. அன்றைக்குத் தருமலிங்கம் மனம் திருந்துவான், வீட்டைத் திருப்பித் தருவான் என்று தெருவே தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருந்தது. அவனோ சாரதாவையும் குழந்தையையும் மழையில் தள்ளிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். முற்றும் என்று எழுத்து வந்தது. டிவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒருத்தர் எழுந்துபோய்ப் பெட்டியின் தலையில் தட்டினார். அதற்குள் இந்திச் செய்தி வந்துவிட்டது.

நாடகத்தை நிறுத்தினது என் அண்ணன்தான் என்று இரண்டு நாளில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலேயே முடிவு கட்டிவிட்டார்கள். அவனுக்கு சினிமா சான்ஸ் வந்ததாம். பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டானாம். வேறு வழியில்லாமல் டிவிக்காரர்கள் இழுத்து மூடினார்களாம். என்றைக்காவது ஒரு செவ்வாய்க்கிழமை மீதியைப் போட்டே ஆகவேண்டும் என்று தெருவே சேர்ந்து கார்டுகூட எழுதிப் போட்டது. அத்தை எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். சொந்தமாக ஒரு சாரதா எங்கள் வீட்டில் இருந்து அவளை நான் துரத்தியிருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது.

இந்த லட்சணத்தில்தான் தணிகைவேலுக்குப் பதினோராம் மாதம் வந்தது. ஆண்டு நிறைவதற்குள் திருத்தணியில் மொட்டையடித்துக் காது குத்தவேண்டும். விட்டால் மூன்றாம் வயசுதான். முதல் மொட்டை தாய்மாமன் மடியில். அதை யாரும் மாற்ற முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் தூண் ஓரத்தில் எல்லப்பனைப் பார்த்தேன். எல்லப்பன் என் சித்தப்பா மகன். திருவாலங்காட்டில் கரும்பு போட்டிருப்பவன். புது வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, பெண் பார்க்கவந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். அவனை நான் கூப்பிடவில்லை.

"நீ எங்கடா வந்த?" என்றேன்.

அவன் என் மாமியாரைப் பார்த்தான். மாமியார் கோபுரத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் சிங்காரம் காலில் இல்லாத முள்ளை எடுக்கக் குனிந்தார்.

"நான்தான் வரச் சொன்னேன்" என்றார் அத்தை. "அவனும் உனுக்கு அண்ணன் மொறதானே? அவன் மடியில குந்தட்டும். தங்கச்சிய நடுத்தெருவுல நிறுத்துனவன் மடியில என் பேரன் குந்தக்கூடாது."

"அவன் நிறுத்துன தங்கச்சி நானா? நான் இங்கதானே நிக்கிறேன்!"

"உன்ன நிறுத்தல. அவள நிறுத்துனான். ஊரே பாத்துது."

நான் பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டேன். எங்கள் அம்மா அப்பா இரண்டு பேரும் போய்விட்டார்கள். எனக்குப் பிறந்த வீடு என்றால் அது அண்ணன் ஒருத்தன்தான். அவன் உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தன் மடியில் என் பிள்ளைக்கு மொட்டையடித்தால், இவன் மாமன் இல்லை என்று முருகன் சன்னதியில் வைத்து ஊருக்குச் சொன்னதாக அர்த்தம். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் அவன் வாசல்படி ஏறமாட்டான். ரோஷக்காரன். எனக்கு அவன் இல்லாமல் போய்விடுவான்.

"என் அண்ணன் மடியிலதான் அடிக்கணும். இல்லாங்காட்டி முடியோடவே எறங்கிப் போறேன்" என்றேன்.

"ராகுகாலம் பொறக்கப்போவுது வள்ளி. இன்னிக்கு பிரச்னை வேணாம். அம்மா சொல்றத கேளு" என்றார் என் வீட்டுக்காரர், யாருக்கும் கேட்காத குரலில்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தான். கையில் துணிப்பை. வேர்த்துக் கொட்டியது. வரும்வழியில் கனகம்மாசத்திரத்தில் டீ கேட்டதற்குக் கடைக்காரர் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அதைப் பெரிய தமாஷாக ஆரம்பித்தான். "அவரு சம்சாரம் உள்ளேர்ந்து கரண்டியோட வந்துச்சு வள்ளி. ஒரே ஓட்டம்..." என்று சிரித்தவன், யாரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டான். எல்லப்பனின் புது வேட்டியைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் சுருங்கிப்போயிற்று.

அதற்குள் மண்டபத்தில் கிசுகிசு பரவிவிட்டது. "தருமலிங்கம்டீ... அவனேதான்... அந்த மீசையப் பாரு." மொட்டையடித்துக்கொண்டவர்கள், அடித்துக்கொள்ளக் காத்திருந்தவர்கள், பாதி அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து சுற்றி நின்றார்கள். ஒரு கிழவர் தலையில் ஒரு பக்கம் முடியோடு வந்து நின்று, "சாமி கும்புட வந்தியா? உனுக்கு எந்த சாமிடா கண்ணு தொறக்கும்?" என்றார். ஒரு பெண் தரையில் காறித் துப்பினாள். துப்பல் அண்ணன் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அவன் காலை நகர்த்தவில்லை.

"அத்தை, அது நாடகம்" என்றான் மெதுவாக.

"நாடகம்னு எனக்குத் தெரியாதா? எனக்கு இன்னா பைத்தியமா புடிச்சிக்கீது?" என்று சீறினார் அத்தை. "நாடகந்தான். ஆனா அந்தச் சாவிய நீ ஏன் குடுக்கல?"

"குடுத்தேன் அத்தை. நெஜமாவே குடுத்தேன். சாரதா கால்ல வுழுந்து அழுது, சாவியக் கையில குடுக்கிற மாதிரி எடுத்து வெச்சிருக்காங்க. நாடகம் எடுத்தவங்க இன்னும் கொஞ்சம் வாரம் கேட்டாங்க, டிவி ஆபீஸ்ல மேல இருக்கிறவங்க குடுக்கல. அதான் முடிஞ்சிட்டுது. நிறுத்துனது நான் இல்ல."

"எடுத்தத ஏன் போடல? நீ சினிமாவுக்குப் பூட்ட, அதான் போடல." கூட்டத்தில் ஆமாம் ஆமாம் என்றார்கள். அத்தை ஒரு அடி முன்னால் வந்தார். "செரி. இத்தினி பேர் நிக்கிறாங்க. அந்தப் பொண்ணு பேரச் சொல்லி, பண்ணது தப்புன்னு முருகன் பக்கம் திரும்பி வுழுந்து எழுந்திரு. அப்புறம் குந்து. நான் ஒண்ணியும் சொல்லல."

அண்ணன் என்னைப் பார்த்தான். அவனுக்கு விழுந்து எழுவது ஒரு வேலையே இல்லை. நாடகக் கம்பெனியில் அதைத்தானே செய்துகொண்டிருந்தான். ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. செய்யாத தப்புக்கு என் அண்ணன் எதற்காக என் புகுந்த வீட்டார் முன்னால் மண்ணில் விழவேண்டும்?

"வுழாத அண்ணா. நீ வுழுந்தா நான் உன் தங்கச்சி இல்ல" என்று கத்தினேன்.

"அப்பொ எல்லப்பா, நீ குந்து" என்றார் அத்தை.

எல்லப்பன் எழுந்தான். நான் பிள்ளையை இடுப்பிலிருந்து பிடுங்கி அண்ணன் கையில் திணித்தேன். கையில் வாங்கிவிட்டால் யார் என்ன செய்துவிட முடியும் என்று ஒரு வேகம். அதுதான் வினையாகப்போயிற்று.

தணிகைவேல் அந்த முகத்தைப் பார்த்தான். அந்த மீசையை, அந்தச் சுருட்டை முடியைப் பார்த்தான். தன் வாயைப் பெரிதாகத் திறந்து வைத்துக்கொண்டான், சோறு ஊட்டும்போது திறப்பானே, அதே மாதிரி. இரண்டு மூச்சு அப்படியே இருந்தான். சோறு வரவில்லை. தருமலிங்கமோ நிஜமாகவே வந்துவிட்டான். பிள்ளை வீறிட்டு அலறினான். முதுகை வில்லாக வளைத்து, அண்ணன் முகத்தை இரண்டு கையாலும் தள்ளி, மூச்சுத் திணற அலறினான்.

"கொயந்திக்கே தெரியுது பாரு" என்றாள் துப்பினவள்.

நான் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். அவன் என் கழுத்தில் முகம் புதைத்துக்கொண்டு நடுங்கினான். ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், சண்டை போடலாம். பிள்ளையோடு என்ன சண்டை? எல்லப்பன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மொட்டையடிக்கிற வேடியப்பன், "சட்டுனு குடுங்கம்மா, நேரம் ஆவுது" என்று தண்ணீர்ச் சொம்பை எடுத்தார்.

அண்ணன் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் குனிந்து எல்லப்பனின் தோளைத் தொட்டு, "கொஞ்சம் எழுந்திரு தம்பி" என்றான். அதட்டவெல்லாம் இல்லை. எல்லப்பன் என்னவோ எழுந்துவிட்டான். அந்த இடத்தில் அண்ணன் உட்கார்ந்து வேடியப்பன் முன்னால் தலையைக் குனிந்தான்.

"எனக்கு அடிங்க. மீசையும் எடுத்துடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அண்ணா, திங்கக்கிழம ஷூட்டிங்!" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். நாடகம் முடிந்து சும்மா இருந்தவனுக்குப் போன வாரம்தான் ஒரு படத்தில் இன்ஸ்பெக்டர் வேஷம் கிடைத்திருந்தது. அந்த முடிக்கும் மீசைக்கும்தான் எடுத்தார்கள். முதல் சினிமா. முகத்தைக் கிட்டத்தில் காட்டுவார்களாம், அதை எனக்கு எழுதும்போது அடியில் கோடு போட்டிருந்தான்.

"பாத்தியா, சினிமாதான்! நான் சொல்லல?" என்று கூட்டத்தில் ஒருத்தன் குதித்தான்.

அண்ணன் திரும்பவில்லை. "தண்ணி வுடுங்க" என்றான்.

வேடியப்பன் அவன் தலையில் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். சுருட்டை முடி நனைந்து நெற்றியில் ஒட்டியது. கத்தியில் புது பிளேடைப் பொருத்தினார். அப்போதுதான் கூட்டத்துக்கு உறைத்தது. திருத்தணி மலையில் நின்றுகொண்டு, மொட்டைத்தலையில் மறுபடி முழுசாக முடி வளர எத்தனை காலம் ஆகும் என்று தெரியாதவர்கள் யார்?

"யோவ், நில்லு! தல முடிய எடுத்துட்டா அப்புறம் நாடகத்துல எப்பிடியா வருவான்?" என்றார் அந்த ஒரு பக்க முடிக் கிழவர்.

"அடிக்காத, அடிக்காத! மீதி பாக்கி கீது!"

"சாரதாவுக்கு யாரு வூட்டத் திருப்பிக் குடுக்கிறது?"

காறித் துப்பினவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயா, வேணாய்யா. அந்தப் பொண்ணு மழையிலயே நிக்குதுய்யா." அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

என் மாமியார் ஒரே பாய்ச்சலில் போய் வேடியப்பனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கத்தி அண்ணன் நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. "வரதா" என்றார். அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "வேணாம். என் பேச்சக் கேளு. முடி இருக்கட்டும். கார்டு போட்டுக்கீறோம். கூப்புட்டாங்கன்னா நீ போவணும் இல்ல? மொட்டத் தலையோட போனா உன்ன யாருன்னு சேப்பாங்க? கதவப் பூட்டுனவன் ஒருத்தன், தொறக்கறவன் ஒருத்தனா?"

"முடி இருந்தா உங்க பேரன் என் மடிக்கு வரமாட்டான் அத்தை" என்றான் அண்ணன். "எனக்கு அவன்தான் வேணும்."

அத்தை பிடித்த கையை விடவில்லை. சுவரில் இருந்த படத்தைக் காட்டி ஊட்டிய ஒவ்வொரு உருண்டையும் அவருக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ. வந்திருக்கவேண்டும் என்று நான் நினைத்தேன். வரட்டும் என்றும் நினைத்தேன்.

"தண்ணி வுட்ட தலைய அப்பிடியே வுடக்கூடாதும்மா. கைய எடுங்க" என்றார் வேடியப்பன்.

அத்தை கையை எடுத்தார்.

முடி விழ விழ மண்டபத்தில் சத்தம் அடங்கிக்கொண்டே போனது. சுருட்டை சுருட்டையாகக் கீழே விழுந்தது. கடைசியில் மீசை. மீசையின் ஒரு பக்கம் போனபோது யாரோ ஒரு பெண் விசும்பினாள். கத்தியை வேடியப்பன் துடைத்து முடித்தபோது அங்கே தருமலிங்கம் இல்லை. இன்ஸ்பெக்டரும் இல்லை. மேலுதட்டில் வெயில் படாத வெள்ளைப் பட்டையோடு, காது இரண்டும் நீட்டிக்கொண்டு, ஒரு சாதாரண மனுஷன் உட்கார்ந்திருந்தான். எனக்கே ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை. அந்த முகத்தை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை அவன் எங்கே போய் நிற்பான்?

நான் பிள்ளையை மெல்லத் திருப்பினேன். விக்கிக்கொண்டே பார்த்தான். அண்ணன் சிரிக்கவில்லை, பல்லைக் காட்டிக் கொஞ்சவில்லை, நடிகர்கள் குழந்தைகளுக்குச் செய்கிற எந்த வேடிக்கையும் செய்யவில்லை. சும்மா உட்கார்ந்து தலையைக் கொஞ்சம் தாழ்த்திக் காட்டினான். தணிகைவேல் கையை நீட்டி அந்த ஈரத் தலையில் ஒரு அடி வைத்தான். சத்தம் நன்றாக வந்தது. இன்னொரு அடி வைத்தான். அப்புறம் வேறு ஒன்றையும் யோசிக்காமல் அவன் மடியில் இறங்கிவிட்டான்.

ராகுகாலத்துக்கு முன்னால் முடிந்தது. தண்ணீர் பட்டபோது அழுதான், எல்லாப் பிள்ளைகளும் அழுகிற அழுகை. அழுகிறபோது மாமன் விரலைப் பிடித்துக்கொண்டுதான் அழுதான். எல்லப்பன் பாவம், பிள்ளை தலை ஆடாமல் பிடித்துக்கொண்டான். என் வீட்டுக்காரர் இப்போதுதான் வந்தவர் மாதிரி, "வாங்க பாவா, பஸ் கூட்டமா?" என்று அண்ணனைக் கேட்டார். அவரை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கூட்டம் கலைந்துபோனது. தருமலிங்கத்தைப் பார்க்கக் கீழேயிருந்து ஓடிவந்த நாலைந்து பேர் எங்களைத் தாண்டிப்போய் மண்டபம் முழுக்கத் தேடினார்கள்.

என் மாமியார் கிண்ணத்தில் சந்தனம் கரைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பேரனின் தலையில் வழுவழுவென்று பூசினார். பூசி முடித்த பிறகும் எழவில்லை. கிண்ணத்தில் மீதி இருந்தது.

"வரதா" என்றார். "முடி வளந்ததும் அந்தச் சாவிய அந்தப் பொண்ணு கையில குடுத்துடு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனைக்குப் பிறகுமா? வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் பேசிவிட்டான்.

"குடுத்துடறேன் அத்தை. என் கையாலயே குடுத்துடறேன்."

அண்ணன் நடிக்கும்போது எனக்குத் தெரிந்துவிடும். சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். அப்போது அவன் நடிக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"குனி" என்று சொல்லி, மீதிச் சந்தனத்தை அத்தை அவன் தலையில் பூசினார்.